கலேகோய் முன்னால் நங்கூரம் இழுபட்ட இரவு: ஒரு நிகழ்வு ஆய்வு

துருக்கியின் தென்கரையில், கலேகோய் என்ற சின்ன ஊருக்கு முன்னால், அக்டோபர் முதல் வாரத்தில் ஓர் இரவு 2:10 மணிக்கு எங்கள் பாய்மரப் படகு நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. யாருக்கும் அடிபடவில்லை. எதிலும் மோதவில்லை. இப்படிச் சேதமில்லாமல் முடிகிற சம்பவங்களை யாரும் எழுதிவைப்பதில்லை. காற்று பலமாக இருந்தது, நங்கூரம் பிடிக்கவில்லை, தப்பித்தோம் என்று இரண்டு வரியில் பேசி முடித்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்த பிறகுதான், தவறு இரவு நடந்ததில்லை, முந்தின நாள் மாலை 4:50-க்கே நடந்து முடிந்துவிட்டது என்று புரிந்தது. அதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

இடம்

கேகோவா என்பது ஒரு தீவு. கரைக்கு இணையாக நீளவாக்கில் கிடக்கிறது. அதனால் தீவுக்கும் கரைக்கும் நடுவில் அலை அடங்கிய ஓர் உள்கடல் கிடைத்திருக்கிறது. அன்டால்யா மாகாணம், தெம்ரே வட்டம். இந்த உள்கடலிலிருந்து பை மாதிரி உள்ளே வாங்கிய குடா ஒன்றின் ஓரத்தில் உச்சாஸ் என்ற ஊர். பெயருக்கு ‘மூன்று வாய்’ என்று அர்த்தம். அந்தக் குடாவுக்கு வெளியே, உள்கடலைப் பார்த்தபடி இருப்பது கலேகோய். கலே என்றால் கோட்டை, கோய் என்றால் ஊர். நம் ஊரில் கோட்டையூர் என்று சொல்லியிருப்போம்.

இந்தக் கோட்டையூருக்குச் சாலை கிடையாது. படகில் வரவேண்டும், இல்லையென்றால் உச்சாஸிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து வரவேண்டும். குன்றின் உச்சியில் கோட்டை, அதற்குள்ளே பாறையைக் குடைந்து செய்த ஒரு குட்டி அரங்கம், 300 பேர் உட்காரலாம். சரிவு முழுக்க வீடுகள். கரையோரம் மரப்பலகை போட்ட சின்னச் சின்ன இறங்குதுறைகள். பழைய லிசியா நாட்டின் சிமேனா என்ற ஊர் இது. லிசியர்கள் செய்த கல் ஈமப்பேழை ஒன்று கரைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. அதன் மூடி கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருக்கும்.

எதிரே தீவின் வடகரையில், படிக்கட்டுகளும் சுவர்களும் அப்படியே கடலுக்குள் இறங்கிப் போவதைப் பார்க்கலாம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வந்த நிலநடுக்கத்தால் தரை தாழ்ந்து மூழ்கிய ஊர். இந்த வட்டாரம் முழுவதும் 1990-லிருந்து சிறப்புச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பகுதி. மூழ்கிய ஊருக்கு மேலே நங்கூரம் போடவும் நீந்தவும் தடை இருக்கிறது. நம் கதையில் இது முக்கியம், ஏனென்றால் அன்றிரவு நாங்கள் நகர்ந்தது அந்தத் திசையில்தான்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் பகலில் மேற்கிலிருந்து கடற்காற்று வரும், சூரியன் இறங்க இறங்க அடங்கிவிடும். ஊருக்குப் பின்னால் வடக்கே மலைகள். இரவில் மலைச்சரிவு குளிர்ந்ததும் அந்தக் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கு வழியாகக் கடலுக்குச் சரிந்து வரும். நம் வாடைக்காற்றின் திசை. எல்லா இரவும் வராது. வரும்போது முன்னறிவிப்பே இல்லாமல் வரும். வானிலைக் கணிப்புகள் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறவை. ஒரு குன்றுக்கும் ஒரு குடாவுக்கும் நடுவில் நடப்பது அந்தக் கட்டத்துக்குள் தெரியாது. அன்றைக்கு எங்கள் போனில் இருந்த கணிப்பு 8 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) என்றது. இரவு எங்கள் காற்றுமானி காட்டியது 27.

படகும் நாங்களும்

12 மீட்டர் நீளம், எடை சுமார் 9 டன், அடியில் துருத்தி நிற்கிற கீல் தண்ணீருக்குள் 1.9 மீட்டர். உரிமையாளர், சரக்குக் கப்பலில் என்னோடு வேலை பார்த்த தலைமைப் பொறியாளர். இப்போது ஓய்வில் இருக்கிறார். எனக்கு அவர் இன்றைக்கும் சீஃப்தான், நான் அவருக்குத் தம்பி. ஆறு வருடமாக ஃபினிகே துறைமுகத்தில் படகை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் சுற்றுகிறார். நான் டெக் பக்கம் வேலை பார்த்தவன், இருபது வருடத்தில் எண்ணிச் சொல்ல முடியாத தடவை நங்கூரம் போட்டிருக்கிறேன். அதனால் அன்று நங்கூர வேலையைச் சீஃப் என்னிடம் விட்டுவிட்டார்.

இந்த அனுபவமே ஒரு காரணமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். பெரிய கப்பலில் நாங்கள் சங்கிலியை ஷேக்கிள் கணக்கில் சொல்வோம். ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். ஐந்து ஆறு ஷேக்கிள் விட்டால் டன் கணக்கில் இரும்பு தரையில் நீளமாகக் கிடக்கும். சாதாரணக் காற்றில் கப்பலை நிறுத்துவதில் பெரும்பங்கு அந்தச் சங்கிலியின் எடைக்குத்தான். நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டு, கப்பல் நின்றுவிட்டதா என்று பார்த்தால் போதும். அதே மனதோடுதான் நான் இந்தப் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், போய் நின்றேன். இங்கே 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோதான். நான் விட்ட மொத்தச் சங்கிலியும் 58 கிலோவைத் தாண்டவில்லை. இந்த எடை படகை நிறுத்தாது. படகில் நங்கூரம் தரைக்குள் இறங்கிக் கடித்தால்தான் பிடி.

நங்கூரம் 16 கிலோ, கலப்பை வகை. இந்த வகையை 1933-இல் வடிவமைத்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர், முதலில் கடல்விமானங்களுக்காக. பார்ப்பதற்கு நிஜமாகவே ஏர்க்கொழு மாதிரிதான் இருக்கும். மண்ணில் அருமையாக இறங்கும். புல்லில் இறங்காது.

மாலை 4:50

சுற்றுலாப் படகுகள் கிளம்பிப் போயிருந்தன. கோட்டைக்கு மேல் வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. உச்சாஸ் குடாவுக்குள் போய்ச் சேற்றுத் தரையில் போடுவதாகத்தான் காலையில் பேசியிருந்தோம். ஆனால் கோட்டைக்கு நேரே வந்ததும் சீஃப், “தம்பி, இங்கேயே போட்டுடலாமா? காலையில எழுந்தா எதிர்ல கோட்டை நிக்கும்” என்றார். எனக்கும் அதே ஆசைதான். வரைபடத்தில் அந்த இடம் நங்கூரம் போட ஆகாத இடமும் இல்லை. சரி என்றேன்.

ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் 4.5 மீட்டர் காட்டியது. ஆழத்துக்கு ஐந்து மடங்கு சங்கிலி என்று மனக்கணக்குப் போட்டு 25 மீட்டர் விட்டேன். மேற்குக் காற்று, அப்போது 10 நாட் இருக்கும். படகு கிழக்கே பின்வாங்கி, சங்கிலி விறைத்து, நின்றது. சீஃப் என்ஜினைப் பின்பக்கமாகப் போட்டு அரை நிமிடம் ஐடிலில், அதாவது ஆகக்குறைந்த வேகத்தில், ஓட்டினார். படகு நகரவில்லை. நான் கையைத் தூக்கிக் காட்டினேன், அவர் என்ஜினை நிறுத்தினார். நங்கூரத்தில் நிற்கிறோம் என்பதற்கு அடையாளமாக அணியத்தில் கறுப்பு உருண்டையைத் தொங்கவிட்டோம், இருட்டினதும் பாய்மரத்தின் உச்சியில் வெள்ளை விளக்கைப் போட்டோம். படகு குறித்த வட்டத்தைத் தாண்டினால் அலறுகிற நங்கூர அலாரத்தைப் போனில் வைத்துவிட்டு, உள்ளே சார்ஜில் போட்டேன். அதற்கப்புறம் சமையல், பேச்சு, தூக்கம்.

இரவு 2:10

எங்களை எழுப்பியது அலாரம் அல்ல. தெற்கே சுமார் 80 மீட்டரில் ஒரு குலெட் நின்றிருந்தது. குலெட் என்பது இந்தக் கரையின் அகலமான மரப்படகு, பயணிகளைக் கூட்டிக்கொண்டு கரையோரமாகப் பல நாள் சுற்றுவது. அதில் விழித்திருந்த ஒருவர் டார்ச்சை எங்கள் மேல் அடித்துக் கத்தினார்: “கப்தான்! தெமிர் தாரியோர்! தெமிர் தாரியோர்!”

சீஃப் துருக்கி மொழி கொஞ்சம் அறிந்தவர், ஒரே தாவில் மேலே போய்விட்டார். அந்த வாக்கியத்தின் அர்த்தத்தை அப்புறம் சொன்னார், எனக்கு மறக்கவே இல்லை. தெமிர் என்றால் இரும்பு. கடலில் நங்கூரத்துக்கும் அதுதான் சொல். தாராமக் என்றால் சீப்பால் வாருவது. ‘இரும்பு வாருகிறது’ என்கிறார் அவர், தரையைத் தலை மாதிரி நினைத்து. பழைய உஸ்மானியத் துருக்கியில் நங்கூரத்துக்கு லெங்கர் என்று பெயர். பாரசீக லங்கர் அது. நம் நங்கூரமும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

நான் அணியத்துக்கு ஓடிச் சங்கிலி மேல் உள்ளங்கையை வைத்தேன். பிடித்திருக்கிற நங்கூரத்தின் சங்கிலி, காற்று தள்ளும்போது விறைக்கும், விட்டால் தளரும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. கை வழியாக முழங்கை வரை ஒரு கரகரப்பு. கரகரவென்று வரும், அரை நொடி நிற்கும், ஒரு சின்ன உதறல், மறுபடி கரகர. கல்லின் மேல் சாக்கை இழுத்துப்போகிற மாதிரி. அதன் பிறகு கரகரப்பே நின்றுபோனது. அது பிடித்ததால் நிற்கவில்லை. எக்கோ சவுண்டரைப் பார்த்துச் சீஃப் கத்தினார்: ஒன்பது, பதினொன்று, பதினாலு. நாங்கள் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். 25 மீட்டர் சங்கிலியில் நங்கூரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தது.

என்ஜின் ஓட ஆரம்பித்தபோது குலெட்டின் பக்கவாட்டில் 15 மீட்டர் தூரத்தில் கடந்துகொண்டிருந்தோம். அதன் நங்கூரச் சங்கிலியில் எங்கள் நங்கூரம் மாட்டியிருந்தால் இரண்டு படகும் சேர்ந்து போயிருக்கும். மாட்டவில்லை. அதற்கு எங்கள் திறமை எதுவும் காரணம் இல்லை. நான் சங்கிலி சுற்றும் இயந்திரமான விண்ட்லஸை ஓட்டிச் சங்கிலியை ஏற்றினேன், நங்கூரம் ஒரு பெரிய பச்சைப் பந்தோடு மேலே வந்தது.

இந்த இடத்தில் எடுத்த முடிவு ஒன்றுதான் அன்றைக்கு நாங்கள் சரியாகச் செய்தது. சீஃப் உச்சாஸுக்குள் போய்விடலாம் என்றார். நிலா இல்லை. குடாவின் வாயில் சின்னத் தீவுகளும் பார்களும் (தண்ணீருக்கடியில் பாறைத்திட்டுகள்) இருக்கின்றன, நான் உள்ளே போனதில்லை. பழைய இடத்திலேயே மறுபடி போடுவதும் சரியில்லை, ஏற்கெனவே ஒரு தடவை விட்டுவிட்ட தரை அது. உள்கடலின் நடுவில், ஆழமான தண்ணீரில், என்ஜினை மெதுவாக ஓட்டிக் காற்றுக்கு முகம் காட்டியபடி விடியும்வரை நிற்கலாம் என்றேன். நாலரை மணி நேரம். ஒருவர் சுக்கான், ஒருவர் போர்வைக்குள். குளிரில் கை விறைத்தது. ஆனால் சுற்றிலும் தண்ணீர் மட்டும் இருக்கும்போது படகுக்கு ஒன்றும் ஆகாது.

விடிந்த பிறகு

வெளிச்சம் வந்ததும் கலேகோயின் ஒரு இறங்குதுறையில் படகைக் கட்டினோம். முதலில் அந்தப் பச்சைப் பந்தை டெக்கில் போட்டுப் பிரித்தேன். நாடா மாதிரி நீளமான இலைகள், அடியில் பழுப்புநிற நார் சுற்றிய தண்டு. தொட்டுப் பார்த்தால் அச்சு அசல் தேங்காய் நார். பொசிடோனியா என்ற கடற்புல், அதில் இந்த இனம் மத்திய தரைக்கடலுக்கே உரியது. நிலத்தாவரங்களைப் போலப் பூத்துக் காய்க்கிறது, பாசி இல்லை. தண்டு பக்கவாட்டில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். பழைய தண்டுகளும் வேர்களும் மணலும் பின்னிப் பின்னி, கனத்த கயிற்றுப்பாய் போல ஒரு தரை உண்டாகும். அதன் மேல் விழுகிற கலப்பை நங்கூரம் வழுக்கும், இல்லையென்றால் நாருக்குள் முனை மட்டும் செருகிக்கொண்டு பிடித்த மாதிரி நடிக்கும்.

புல்லை எல்லாம் பிரித்தெடுத்த பிறகு நங்கூரத்தைப் பார்த்தேன். அந்தக் காட்சிதான் இந்த ஆய்வு முழுவதற்கும் சாட்சி. கொழுவில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. முனை கழுவிவைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு தடவையாவது மண்ணுக்குள் இறங்கியிருந்தால் மடிப்புகளில் சேறு அப்பியிருக்க வேண்டும். அது ராத்திரி பூரா தரைக்குள் இறங்கவே இல்லை. மாலையிலிருந்து நாங்கள் நம்பிக்கொண்டிருந்த பிடி, நாரில் செருகிய ஒரு முனையின் பிடி.

கண்ணாடி முகமூடியைப் போட்டுக்கொண்டு, ஜிபிஎஸ் குறித்துவைத்த இடத்துக்கு நீந்திப் போனேன். ஆறு மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான ஆழம், தண்ணீர் தெளிவு. கரும்பச்சைப் புல்வெளிக்கு நடுவில் தெற்கு நோக்கி ஒரு கீறல், இருபது மீட்டருக்குக் குறையாது. புல் பிய்ந்து, வெள்ளை மணல் தெரிந்தது. ஒரு ஜாண் அகலம், ஆழமே இல்லை. அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். எங்கள் கொழு அகலமாக மட்டும் உழுதிருக்கிறது. அந்தக் கீறல் மூட எத்தனை வருடம் ஆகும் என்று வளர்ச்சி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மனசு கனத்துப்போனது. பல்லாயிரம் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கிற இடம் அது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018-லேயே இந்தப் புல்லின் மேல் நங்கூரம் போடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எனக்கு அந்தச் செய்தி தெரியும். தெரிந்தும், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போட்டேன்.

நான் கரையேறியபோது இறங்குதுறையில் ஒரு வயதான படகுக்காரர் நின்றிருந்தார். சீஃப் அவரை ‘அபி’ என்று கூப்பிட்டார், நம் ‘அண்ணே’ போல. அவர் நாங்கள் நின்ற இடத்தைக் கையால் காட்டி “ஓத்” என்றார். புல். அப்புறம் உச்சாஸ் பக்கம் திரும்பி “சாமூர்” என்றார். சேறு. வலது கையைக் கொக்கி மாதிரி வளைத்து, இடது உள்ளங்கையில் அழுத்தி, இழுத்துக் காட்டினார், வரவில்லை. கேட்டிருந்தால் முந்தின நாள் மாலையே இந்த இரண்டு சொல்லையும் சொல்லியிருப்பார்.

ஏன் இழுபட்டது

இப்படி ஒரு சம்பவத்தைச் சொன்னால் படகுக்காரர்கள் உடனே இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: இன்னும் சங்கிலி விட்டிருக்கணும், இல்லையென்றால் பெரிய நங்கூரம் வாங்கணும். இரண்டும் தப்பில்லை. ஆனால் இரண்டும் முதல் காரணம் இல்லை என்பது என் முடிவு. முதல் காரணம் தரை. இரண்டாவது, காற்று திசை மாறியது. சங்கிலி மூன்றாவதாகத்தான் வருகிறது.

நங்கூரம் மேற்குக் காற்றுக்குப் போட்டது. படகு அதற்குக் கிழக்கே நின்றது, முனை நாரில் அந்தத் திசையில் செருகியிருந்தது. மலைக்காற்று வடக்கிலிருந்து இறங்கியதும் படகு கால்வட்டம் சுற்றித் தெற்கே வந்தது. இழுவை பக்கவாட்டில் விழுந்தது. சேற்றுக்குள் புதைந்த நங்கூரம் இந்த மாதிரித் திருப்பத்தில் மெதுவாகத் தானும் திரும்பி மறுபடி புதையும். நாரில் செருகியது கழன்றுவிடும். ஒரு தடவை கழன்றபின், மடிப்பில் புல்பந்து அடைத்துக்கொண்ட கொழுவுக்குக் கூர்மையே கிடையாது. அதற்கப்புறம் நல்ல மண்ணின் மேல் போயிருந்தாலும் இறங்கியிருக்காது.

சங்கிலிக் கணக்கில் நான் செய்தது பிழைதான், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எக்கோ சவுண்டர் காட்டிய 4.5 மீட்டர், கீலுக்குக் கீழே உள்ள தண்ணீர். இந்தப் படகில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. கீலின் 1.9 மீட்டரைச் சேர்த்தால் 6.4. தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தில் சங்கிலி ஓடுகிற உருளை 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்தால் 7.6. ஆக 25 மீட்டர் என்பது ஐந்து மடங்கு இல்லை, 3.3 மடங்குதான். மத்திய தரைக்கடலில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், சொற்பம், அதைக் கணக்கில் விட்டுவிடலாம். இந்த இரண்டு எண்களை விட்டுவிட முடியாது.

பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த ஆழத்தில் 25 மீட்டர் சங்கிலி இருக்கும்போது, சுமார் 75 கிலோ இழுவை வந்தாலே கடைசிக் கண்ணியும் தரையை விட்டு எழுந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஏபிஒய்சி என்ற படகுத் தரநிலை அமைப்பு ஓர் அட்டவணை தருகிறது. 40 அடிப் படகுக்கு 15 நாட் காற்றில் 136 கிலோ, 30 நாட்டில் 544 கிலோ இழுவை என்று கொள்ளச் சொல்கிறது. தாராளமாகக் கணக்கிட்ட எண்கள்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும் என்பது அதிலேயே தெரிகிறது. அதே விகிதத்தில் 27 நாட்டுக்குச் சுமார் 440 கிலோ வரும். அவ்வளவு இழுவையில் எங்கள் சங்கிலி கம்பி மாதிரி விறைத்து, நங்கூரத்தின் தண்டைத் தரையிலிருந்து 14 டிகிரி மேல்நோக்கித் தூக்கியிருக்கும். 45 மீட்டர் விட்டிருந்தால் அந்தக் கோணம் 4 டிகிரி. மேலே தூக்கி இழுத்தால் எந்தக் கொழு மண்ணுக்குள் போகும்?

எங்களிடம் சங்கிலி மொத்தம் 60 மீட்டர் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், 45 விட்டிருந்தாலும் அந்தப் புல்லில் நின்றிருக்காது. கொஞ்சம் தாமதமாகக் கழன்றிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் எங்களை ஏமாற்றியது. ஒன்று, ஐடிலில் அரை நிமிடம் பின்னால் இழுத்த சோதனை. அந்த இழுவை ஒரு மென்காற்றுக்குச் சமம். நாரில் செருகிய முனைகூட அதைத் தாங்கும், தாங்கியது. மற்றொன்று அலாரம். நங்கூரம் விழுந்த இடத்தை மையமாக வைக்காமல், படகு பின்வாங்கி நின்ற இடத்தை மையமாக வைத்துவிட்டேன். படகு சுற்றும்போது வீணாக அலறக்கூடாது என்று வட்டத்தையும் 60 மீட்டராகப் பெரிதாக்கினேன். அந்த அமைப்பில் படகு வடக்குக் காற்றுக்குத் திரும்பி, இருபது மீட்டருக்கு மேல் இழுபட்ட பிறகுதான் சத்தம் வரும். மையத்தை நங்கூரத்தின் மேல் வைத்து 40 மீட்டர் வட்டம் போட்டிருந்தால் பத்து மீட்டரிலேயே எழுப்பியிருக்கும்.

4:50 என்ற நேரத்தையும் காரணங்களில் சேர்க்கிறேன். மேற்கே சாய்ந்த வெயில் தண்ணீரின் மேல் தகதகத்தது, அடியில் இருந்த எதுவும் தெரியவில்லை. சூரியன் உச்சியில் இருக்கும்போது வந்திருந்தால், கறுத்த திட்டு புல், வெளுத்த திட்டு மணல் என்று கண்ணாலேயே தரையைப் படித்திருக்கலாம்.

காஷ் ஊருக்குத் தென்கிழக்கே, கேகோவாவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உலுபுருன் முனை இருக்கிறது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மூழ்கிய வணிகக் கப்பலை 1984 முதல் 1994 வரை அகழ்ந்தார்கள். பத்து டன் செம்போடு 24 கல் நங்கூரங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் 100 கிலோவுக்கு மேல். கிடைத்தவற்றை போத்ரும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே கப்பலில் எதற்கு 24? கல்லுக்கு எடை மட்டும்தான் பலம். அதனால் ஒன்றுக்குப் பல போடவேண்டும், மாட்டிக்கொண்டால் கயிற்றை அறுத்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். அந்த மாலுமிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் மீட்டருக்கு 2.3 கிலோச் சங்கிலியை வைத்துக்கொண்டு அவர்களைப் போல எடையை நம்பினேன்.

இரண்டாவது இரவு

அன்று பகல் 12 மணிக்கு, வெயில் நேர்மேலே இருக்கும்போது, சின்னத் தீவுகளுக்கு நடுவில் மெதுவாக நுழைந்து உச்சாஸ் குடாவுக்குள் போனோம். அணியத்தில் நின்று தரையைப் பார்த்தபடியே போனேன். பாறைத்திட்டு வந்தால் வெளிறித் தெரிந்தது. உள்ளே தண்ணீர் கலங்கல், அடி தெரியவில்லை. சீஃப் ஒரு வேலை செய்தார். கைக்கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் கிரீஸைத் தடவி இறக்கினார். மேலே வந்தபோது சாம்பல்நிறச் சேறு ஒட்டியிருந்தது. பழைய மாலுமிகள் கொழுப்பைத் தடவிச் செய்த அதே சோதனை.

உண்மையான ஆழம், கீலையும் உருளையையும் சேர்த்து, 6 மீட்டர். 40 மீட்டர் சங்கிலி. விட்டதும் உடனே என்ஜினைத் தொடவில்லை. சேறு மென்மையானது, நங்கூரத்துக்கு அதில் அமிழ நேரம் வேண்டும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, பின்பக்கமாக ஐடிலில் ஆரம்பித்து, படிப்படியாக நிமிடத்துக்கு 2,000 சுற்று வரை ஏற்றினார் சீஃப். நான் சங்கிலி மேல் கை வைத்திருந்தேன். ஒரு நடுக்கம் வந்தது, அப்புறம் நின்றது, அப்புறம் கம்பி மாதிரி விறைப்பு. கரையில் பள்ளிவாசல் மினாரையும் அதன் பின்னால் இருந்த ஒரு மின்கம்பத்தையும் ஒரே நேர்க்கோட்டில் பிடித்துக்கொண்டேன். 2,000 சுற்றில் ஒரு நிமிடம் முழுசாக, அந்தக் கோடு விலகவில்லை. இழுவை அதிர்ச்சி விண்ட்லஸில் விழாமல் இருக்க, 12 மி.மீ. நைலான் கயிறு எட்டு மீட்டரைச் சங்கிலியில் கொக்கி போட்டு மாட்டினோம். நைலான் நீளும், அந்த நீட்சிதான் உதறலை விழுங்குகிறது. அலாரத்தின் மையத்தை, நங்கூரம் தரையைத் தொட்ட நொடியில் அணியத்தில் நின்றே குறித்துக்கொண்டேன்.

இரவு ஒன்றேமுக்காலுக்கு மலைக்காற்று மறுபடி இறங்கியது. காற்றுமானி 24 காட்டியது. படகு வடக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நைலான் கயிறு முறுக்கிப் பிழிந்த துணிபோல மெலிந்து நீண்டு, பிறகு சுருங்கியது. நான் அணியத்தில் உட்கார்ந்து சங்கிலியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். கரகரப்பு இல்லை. சீஃப் உள்ளேயிருந்து, “எப்படி இருக்கு தம்பி?” என்றார். “வாரல சீஃப்” என்றேன்.

மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது விண்ட்லஸ் திணறியது. சங்கிலி செங்குத்தாக நின்ற பிறகும் நங்கூரம் வரவில்லை. படகை அதன் மேல் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்த பிறகுதான் மெதுவாகக் கழன்றது. மேலே வந்த கொழுவில் தண்டு வரைக்கும் சாம்பல்நிறச் சேறு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கால்மணி நேரம் பிடித்தது.